வீட்டில் எல்லோருக்கும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், "இதைக் கொஞ்சம் பாரேன், என்னமோ கேக்குது" என்று போனை நீட்ட ஓர் ஆள் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அப்பாவின் ஈமெயில் திறக்கவில்லை என்றாலும் நான்தான், தங்கை புதுப் போன் வாங்கினாலும் நான்தான். இந்த வேலையில் பாதி நேரம் மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடுவதிலேயே போகிறது. சரி, வீட்டில் எல்லோருக்குமாக ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்து, 'மாஸ்டர் பாஸ்வேர்டு' என்ற ஒன்றைக் கொண்டு திறக்கும் ஆப் அது.

தேட ஆரம்பித்தால் ஒப்பீட்டு அட்டவணைகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லா நிறுவனத்துக்கு எதிரேயும் பச்சை டிக். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஏஇஎஸ்-256 மறையாக்கம் இருக்கிறது, கைரேகை இருக்கிறது, எல்லாக் கருவியிலும் ஓடும். ஒருவர் தனக்கு மட்டும் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இது போதும். குடும்பத்துக்கு என்று வரும்போது அந்த அட்டவணைகளில் இல்லாத கேள்விகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அம்மா மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த நானே ஒருநாள் இல்லாமல் போனால்? பதினாறு வயது மகள் தன் கணக்குகளை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா? பெட்டகத்தை எவ்வளவு பலமாகப் பூட்டுகிறார்கள் என்பதில் பெயர் பெற்ற மேனேஜர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பூட்டியது திறக்காத நாளில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் நான் அந்த முனையிலிருந்தே தேட ஆரம்பித்தேன்.

முதலில் அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. "எனக்கு எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதாம்மா, மறக்கவே மறக்காது" என்றார். அதில்தான் வினையே இருக்கிறது. எப்போதோ ஒருமுறை பதிவு செய்த ஏதோ ஒரு சின்னத் தளத்திலிருந்து ஈமெயிலும் பாஸ்வேர்டும் கசிந்தால், அந்த ஜோடியை எடுத்து நூற்றுக்கணக்கான வேறு தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. மனிதர் யாரும் உட்கார்ந்து தட்ட வேண்டியதில்லை. டிராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013-இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் அப்பாவின் ஈமெயிலைப் போட்டுக் காட்டினேன். எந்தெந்தக் கசிவுகளில் அந்த முகவரி இருந்தது என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் சில தளங்களின் பெயரே அவருக்கு நினைவில்லை. நான் பேசிய பேச்சையெல்லாம் விட அந்தப் பட்டியல் நன்றாக வேலை செய்தது.

ஒருவரின் சோம்பலுக்கு உறவினர்கள் விலை கொடுக்க நேரும் என்பதற்கு 2023-இல் நடந்த ஒன்று நல்ல உதாரணம். மரபணுச் சோதனை செய்யும் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' நிறுவனத்தில், வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்துத் திருடர்கள் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். ஆனால் உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி அந்தத் தளத்தில் இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பாஸ்வேர்டுக்கு எதுவும் ஆகவில்லை. தூரத்துச் சொந்தம் யாரோ பழைய பாஸ்வேர்டையே திரும்பவும் போட்டிருந்தார், அவ்வளவுதான். குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து பிரயோஜனமில்லை என்று நான் முடிவுக்கு வந்தது இதைப் படித்த பிறகுதான்.

அம்மாவின் விஷயம் வேறு. அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கணக்கு. மேலே தளத்தின் பெயர், கீழே பாஸ்வேர்டு. மாற்றும்போது பழையதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதியது. ஒரு பக்கத்தில் அடித்து அடித்து இடமில்லாமல் போய், கடைசியாக மாற்றியதை ஓரத்தில் சாய்வாக எழுதியிருந்தார். பூஜ்யத்துக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பார். ஆங்கில ஓ-வோடு குழம்பாமல் இருக்கத்தான். இதைக் கணினிப் பாதுகாப்பு ஆட்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று தோன்றும். அப்படியொன்றும் இல்லை. ப்ரூஸ் ஷ்னையர் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2005-லேயே, நல்ல பாஸ்வேர்டு வைத்து அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று எழுதியிருக்கிறார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டையே கொண்டுவந்தவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 2014-இல் ஒரு பேட்டியில் தானே பாஸ்வேர்டுகளை மூன்று பக்கத் தாளில் தட்டச்சு செய்து வைத்திருந்ததாகச் சொன்னார். ஆக அம்மா நல்ல துணையோடுதான் இருக்கிறார்.

நோட்டுக்குக் குறைகள் உண்டு. கையால் எழுதிப் பார்த்துத் தட்ட வேண்டும் என்பதால் பாஸ்வேர்டுகள் தானாகவே குட்டையாகிவிடுகின்றன. வெளியூரில் இருக்கும்போது கைக்குக் கிடைக்காது. போலித் தளத்தையும் உண்மைத் தளத்தையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் அது எந்த ஆப்பையும் விட மேல். அம்மாவுக்கு முடியாமல் போனால் நாங்கள் எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்த ஓடிபியும் வராது. அந்த விஷயத்தில் நோட்டை விடக் கேவலமாக இருக்கும் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

போனோடும் பிரவுசரோடும் வருபவை இரண்டு. எல்லோரிடமும் ஆப்பிள் கருவிகளே இருந்தால் பாதி வேலை முடிந்தது. 2023-இல் ஐஓஎஸ் 17 வந்தபோது பாஸ்வேர்டுகளை ஒரு குழுவாகப் பகிரும் வசதி வந்தது. 2024-இல் ஐஓஎஸ் 18 அதையே 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப்பாக ஆக்கியது. தனியாகப் பணம் கட்ட வேண்டாம், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் வீட்டில் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒருவர் அல்ல, பாதிப் பேர். கூகுளின் மேனேஜர் குரோம் ஓடும் இடமெல்லாம் கிடைக்கும், குடும்பக் குழுவில் பகிரவும் முடியும். பகிரும்போது நகலாகத்தான் போகிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு நான் மாற்றினால் அவர்களிடம் பழையதுதான் இருக்கும். இதெல்லாம் சொன்னாலும், மேனேஜரே வேண்டாம் என்று அடம்பிடிப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்று தாராளமாகப் போதும். பிரவுசரில் சேமிப்பது ஆபத்து என்று பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு போடுவதை விட பிரவுசரில் சேமிப்பது பலமடங்கு நல்லது.

கீபாஸ் 2003-இலிருந்து இருக்கிறது. இலவசம், திறந்த மூலம் (அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்). எல்லாமே ஒரே கோப்பில், உங்கள் கணினியிலேயே. நிறுவனம் மூடப்படும், விலை ஏறும் என்ற கவலையே இல்லை. எனக்குத் தனியாக என்றால் இதைத்தான் எடுத்திருப்பேன். குடும்பத்துக்கு என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கோப்பை எல்லாக் கருவிக்கும் கொண்டுசேர்ப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எது சரி என்று பார்ப்பது, எல்லாம் என் தலையில்தான் விழும். நான் இல்லாவிட்டால் அது யாருக்கும் புரியாத ஒரு கோப்பு. அதே காரணத்துக்காகத்தான், சர்வரை நாமே வீட்டில் வைத்து நடத்தும் யோசனையையும் ஆசையோடு பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தேன். கணினி தெரிந்த ஆட்களுக்கு இதில் ஒரு சபலம் உண்டு. சபலம் நம்முடையது, அவதி வீட்டில் உள்ளவர்களுடையது.

மிஞ்சியவை பிட்வார்டனும் ஒன்பாஸ்வேர்டும். இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் தருகின்றன.

பிட்வார்டன் 2016-இல் வந்தது. திறந்த மூலம். தனி ஆளுக்கான இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டும் எத்தனை கருவியும் வைத்துக்கொள்ளலாம். கட்டணக் குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம். குடும்பத் திட்டத்தில் ஒருவர் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் தலைவரால் மீட்டுத்தர முடியாது. அதற்குப் பதிலாக 'அவசர அணுகல்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அம்மா முன்கூட்டியே என்னை நியமிக்க வேண்டும், காத்திருப்புக் காலம் ஒன்றையும் குறிக்க வேண்டும். ஏழு நாள் என்று வைத்துக்கொள்வோம். நான் அணுகல் கேட்டதும் அம்மாவுக்குத் தகவல் போகும். அந்த ஏழு நாளுக்குள் அவர் மறுத்தால் அதோடு சரி. மறுக்காவிட்டால் கதவு திறக்கும். பார்க்க மட்டும் அனுமதியா, கணக்கையே எடுத்துக்கொள்ளும் அனுமதியா என்பதையும் அவரே முடிவு செய்யலாம். இது மறதிக்கும் உதவும், மரணத்துக்கும் உதவும், அத்துமீறலையும் தடுக்கும். யாரோ நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஒன்பாஸ்வேர்டில் குடும்ப அமைப்பாளர் என்று ஒரு பொறுப்பு உண்டு. யாராவது மறந்துவிட்டால் அமைப்பாளர் மீட்பைத் தொடங்கி வைப்பார். மறந்தவருக்கு ஈமெயில் வரும், அவர் புது மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டுக்கொள்வார், உள்ளே இருந்த எதுவும் அழியாது. மறந்தவருக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனால் அமைப்பாளர் ஒருவரே இருந்து அவரே மறந்துவிட்டால்? அதனால் இரண்டு பேரை அமைப்பாளராக வைக்கச் சொல்கிறார்கள். குடும்பத் திட்டம் வாங்கும் பலர் கண்டுகொள்ளாமல் விடும் இடம் இதுதான். வாங்கிய அன்றே இரண்டாவது ஆளைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒன்பாஸ்வேர்டில் மாஸ்டர் பாஸ்வேர்டோடு, கருவியிலேயே உருவாகும் 34 எழுத்துக்கள் கொண்ட ரகசியச் சாவி ஒன்றும் சேர்ந்துதான் பெட்டகத்தைத் திறக்கும். அது எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு மேனேஜரில் 2022-இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஊடுருவல் ஒன்று நடந்ததாக அறிவித்தார்கள். டிசம்பரில்தான், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்புப் பிரதியையே திருடர்கள் எடுத்துப்போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன, தளங்களின் முகவரிகளுக்கு மறையாக்கம் இல்லை. அதாவது யார் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது வெளிச்சம். பெட்டகம் திருடன் கையில் இருக்கும்போது, தவறான பாஸ்வேர்டு போட்டால் கணக்கு முடங்கும் என்ற பேச்சே கிடையாது. அவன் தன் கணினியில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். அவனுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பது மாஸ்டர் பாஸ்வேர்டின் பலமும், ஒவ்வொரு ஊகத்தையும் மெதுவாக்க நிறுவனம் எத்தனை சுற்றுக் கணக்கு போட வைக்கிறது என்பதும்தான். பழைய கணக்குகள் சிலவற்றில் அந்தச் சுற்றுகள் 5,000-தான் இருந்தன என்று பின்னர் தெரிந்தது. இன்று 6,00,000 என்பது ஏற்கப்பட்ட அளவு. இந்த நிலையில் ரகசியச் சாவி இருந்தால், மாஸ்டர் பாஸ்வேர்டு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் திருடனுக்குக் கிடைத்தது வெறும் குப்பைதான். அப்பா போன்ற ஆட்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. அதே சாவி தொலைந்தால், அமைப்பாளர் மீட்டுத்தரும் வரை அவருக்கே கதவு மூடிக்கொள்ளும் என்பது அதன் மறுபக்கம்.

மாஸ்டர் பாஸ்வேர்டு விஷயத்தில் பெரியவர்களிடம் பழைய விதிகளைச் சொல்லி வதைக்காதீர்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்பதெல்லாம் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட ஆவணத்திலிருந்து பரவியவை. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல், எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டுதலை மாற்றி, கட்டாயமாக அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், எழுத்துக்கலவை விதிகளும் வேண்டாம், நீளமாக வைக்க விடுங்கள் என்றது.

நீளமாக, ஆனால் நினைவில் நிற்க வேண்டும் என்றால் சொற்கள்தான் வழி. 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் தந்த டைஸ்வேர் முறையில் ஐந்து பகடைகளை உருட்டி, வரும் எண்ணுக்குரிய சொல்லை 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுப்பார்கள். நான்கு சொல் எடுத்தால் சுமார் 36 கோடி கோடி சேர்க்கைகள். ஐந்தாவதைச் சேர்த்தால் அது 2.8 லட்சம் கோடி கோடி ஆகிவிடும். ஒரே ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். சொற்களை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். நாமே எடுத்தால் பேரப்பிள்ளையின் பெயரும் சாமி பெயரும்தான் வரும்.

அம்மா தமிழ்ச் சொற்கள்தான் வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். சும்மா ஒரு புத்தகத்தைக் கண்ட பக்கத்தில் திறந்து, கண்ணை மூடி விரல் வைத்து ஐந்து சொற்கள் எடுத்தோம். பகடை அளவுக்குக் கறாரான முறை இல்லை, ஆனால் பேரன் பேத்தி பெயரை விட ஆயிரம் மடங்கு மேல். தட்டும்போதுதான் தெரிந்தது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். நெடிலுக்கு இரண்டு எழுத்து போடுவதா ஒன்றா, ழகரத்துக்கு எது, தகரத்துக்குப் பின்னால் எச் உண்டா இல்லையா. அம்மாவே காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் தட்டினார். அதனால் ழகரமும் நெடிலும் வராத சொற்களாக மாற்றி எடுத்து, தட்ட வேண்டியதை எழுத்தெழுத்தாகத் தாளில் எழுதிக்கொண்டோம்.

அந்தத் தாள்தான் இந்த ஏற்பாடு முழுவதிலும் முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். அது சரியாக இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி ஒத்திகை. பழைய போன் ஒன்றை முழுவதும் அழித்து, கடையிலிருந்து வந்தது போல ஆக்கி, தாளோடு அப்பாவிடம் கொடுத்தேன். அவருடைய சொந்தப் போன் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. தாளில் அப்போது இருந்தவை மாஸ்டர் பாஸ்வேர்டும் ஒன்பாஸ்வேர்டின் ரகசியச் சாவியும் மட்டுமே.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன் முதலில் கேட்டது ஆப் ஸ்டோர் கணக்கின் பாஸ்வேர்டை. அது பெட்டகத்துக்குள். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. சரி, கணினியின் பிரவுசர் வழியாகப் போகலாம் என்று எழுந்தார். வழியில் ஈமெயிலைத் திறந்து பார்க்க வேண்டி வந்தது. ஈமெயிலின் பாஸ்வேர்டும் பெட்டகத்துக்குள். அதையே நினைவிலிருந்து சொல்லியிருந்தாலும், பாஸ்வேர்டுக்குப் பிறகு ஈமெயில் இரண்டாவது படியாகக் கேட்ட ஓடிபி 'தொலைந்துபோன' போனுக்குத்தான் வரும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. "என்னம்மா இது, சுத்திச் சுத்தி அங்கேயே வருது" என்றார். சரியாகச் சொன்னார்.

இப்போது தாளில் இருப்பவை: மாஸ்டர் பாஸ்வேர்டு, ரகசியச் சாவி, ஈமெயிலின் பாஸ்வேர்டு, ஈமெயிலுக்கான காப்பு எண்கள் (போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகத் தட்டுபவை), ஆப் ஸ்டோர் கணக்கின் பாஸ்வேர்டு. இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில். தாளைப் பாதிபாதியாகக் கிழித்து இரண்டு பேரிடம் கொடுப்பது போன்ற சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். பதற்றத்தில் இருப்பவர் பிரித்துப் படிக்கப்போகும் தாள் அது. அடுத்த ஒத்திகையில் அப்பா தானாகவே உள்ளே போனார். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துத் தட்டினார், நேரம் எடுத்தது, ஆனால் போய்விட்டார்.

இரண்டாவது படி பற்றிப் பேச்சு வந்ததால் ஓடிபி பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பங்களில் பொதுக் கணக்கு ஏதாவது இருக்கும், ஓடிபி ஒருவர் போனுக்கே வரும். "ஓடிபி வந்துச்சா? என்ன நம்பர்?" என்று கூப்பிட்டுக் கேட்பது நமக்குச் சாதாரணம். இதன் ஆபத்து அந்தக் கணக்கோடு முடிவதில்லை. போனில் கேட்டால் ஓடிபியை வாசித்துக் காட்டுவது என்ற பழக்கத்தையே நாம் பெரியவர்களுக்குப் பயிற்றுவிக்கிறோம். பின்னொரு நாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல் கேட்கும்போது அவர்கள் வாசித்துவிட்டால் யாரைக் குறை சொல்வது? முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணை ஏற்கும் தளங்களில், அந்த எண்ணை உருவாக்கும் ரகசியத்தைப் பகிர்ந்த பெட்டகத்திலேயே போட்டுவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். ஈமெயிலுக்கும் மேனேஜருக்குமான எண்களை மட்டும் பெட்டகத்துக்கு வெளியே வைத்திருக்கிறேன். அதே மாதிரி, உங்கள் குடும்ப அரட்டைக் குழுவில் 'பாஸ்வேர்டு' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். எங்கள் குழுவில் வந்ததை இங்கே எழுத மாட்டேன்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. வைஃபை, மின்கட்டணம், படம் பார்க்கும் சந்தா, இவையெல்லாம் பொதுப் பெட்டகத்தில். மற்றவை அவரவர் தனிப் பெட்டகத்தில். கணவரிடம் இதைச் சொன்னபோது, "நமக்குள்ள என்ன தனி?" என்றார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதெல்லாம் நன்றாக இருக்கும் நாளில் அமைக்கிறோம், நன்றாக இல்லாத நாளிலும் இருக்கப்போகிறது. பணம் கட்டுபவர், அமைப்பாளர், எல்லோருடைய ஈமெயிலையும் அறிந்தவர் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் அவரிடம் குடும்பத்தின் மொத்தக் கதவும் இருக்கிறது. மீட்பு ஈமெயில் வழியாகத்தான் நடக்கிறது என்பதால், ஒருவரின் ஈமெயிலைத் திறக்கத் தெரிந்த அமைப்பாளர் அவருடைய பெட்டகத்தையும் திறந்துவிட முடியும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் என்பது எனக்கே உறுத்தியது. மகளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவள் தன் ஈமெயிலின் பாஸ்வேர்டையும் இரண்டாவது படியையும் நான் அறியாதபடி மாற்றிக்கொண்டாள். அவளுடைய தாள் ஒட்டிய உறைக்குள், என் தங்கையிடம் இருக்கிறது.

இறந்த பிறகு என்ன என்ற பேச்சை யாரும் விரும்பவில்லை, ஆனாலும் பேசினோம். கூகுளில், கணக்கைக் குறிப்பிட்ட காலம் தொடாமல் இருந்தால் நாம் சொன்ன ஆட்களுக்குத் தகவல் கொடுக்கும் ஏற்பாடு 2013-இலிருந்து இருக்கிறது. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை வைக்கலாம். ஆப்பிளிலும் வாரிசு ஒருவரை நியமிக்கலாம். ஆனால் அந்த வாரிசுக்குப் புகைப்படங்கள் கிடைக்குமே தவிர, ஆப்பிளின் சாவிக்கொத்தில் (கீசெயின்) சேமித்த பாஸ்வேர்டுகள் கிடைக்காது. ஆப்பிளிடமே விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொண்டு நினைக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். லாஸ்ட்பாஸ் 2021-இல் இலவசக் கணக்கை, கணினியா போனா, ஏதாவது ஒன்றில் மட்டும் என்று சுருக்கியது. மைக்ரோசாஃப்ட் 2025-இல் தன் ஆதென்டிகேட்டர் ஆப்பிலிருந்து பாஸ்வேர்டு சேமிப்பையே எடுத்துவிட்டது. அன்றைக்கு மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து எடுக்க முடிய வேண்டும். அப்படி எடுக்கும் கோப்பில் பெரும்பாலும் எல்லாம் மறையாக்கம் இல்லாமல் பச்சையாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பதிவிறக்கக் கோப்புறையில் மறந்துபோய்க் கிடக்கும் அந்த ஒரு கோப்பு போதும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது ஒன்பாஸ்வேர்டு. மறந்தவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது எங்கள் வீட்டில் அடிக்கடி தேவைப்படும் என்று தெரிந்ததுதான் காரணம். எல்லோரும் ஓரளவு கணினி தெரிந்த வீடாக இருந்தால், திறந்த மூலம் என்பதற்காகவும் அந்தக் காத்திருப்புக் காலத்துக்காகவும் பிட்வார்டனைத்தான் சொல்வேன். இரண்டாவது அமைப்பாளர் தங்கை.

இருக்கும் கணக்குகளையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முயலவில்லை. ஈமெயிலும் வங்கியும் முதலில், மற்றவை அடுத்தடுத்து உள்ளே நுழையும்போது தானாகச் சேரட்டும் என்று விட்டேன். எல்லோருக்கும் ஒரே ஒரு பாடம்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: ஆப் தானாக நிரப்பவில்லை என்றால் கையால் தட்டாதே, நிறுத்து, முகவரியைப் பார். மேனேஜர் தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. பார்க்க அச்சு அசலாக இருக்கும் போலிப் பக்கம் நம்மை ஏமாற்றும், அதை ஏமாற்றாது. சில சமயம் நிஜத் தளமே முகவரியை மாற்றியிருக்கும், அப்போதும் அது மௌனமாகத்தான் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் அப்பா எனக்குப் போன் செய்கிறார். செய்யட்டும்.

2022-இலிருந்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியே வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ வந்துகொண்டிருக்கிறது. தட்டவே வேண்டாம், போலித் தளத்தில் வேலையே செய்யாது. கொடுக்கும் தளங்களில் போட்டுக்கொண்டு வருகிறோம். ஆனால் பாஸ்கீயும் ஏதோ ஒரு பெட்டகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டகத்தை யார், எப்படித் திறப்பது என்ற கேள்வி மாறவில்லை.

அமைப்பாளராகப் பெயர் இருந்தாலும், தங்கை இன்னும் தன் பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில்தான் வைத்திருக்கிறாள். பொதுப் பெட்டகத்தை மட்டும் வந்து பார்க்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. ஈமெயிலுக்குப் போட்ட பாஸ்வேர்டை வேறெங்கும் போடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறாள்.